பாக் சாய்க்கு மூணு மாசம் போதும்

எங்க வீட்டுக் கொல்லையில பாக் சாய் இருக்கு. கழனியில இல்லை. ஏன் கொல்லையில மட்டும் இருக்கு, ஏன் கழனிக்கு அது போகலைங்கறதைத்தான் இன்னைக்கு எழுதப் போறேன்.

சென்னையில இருக்கிற சொந்தக்காரங்க, கல்வெட்டு பார்க்க உத்திரமேரூர் வந்துட்டு அப்படியே நம்ம வீட்டுக்கும் வர்ற பட்டணத்து ஜனங்க, எல்லாரும் தோட்டத்துல அந்தச் செடியைப் பார்த்ததும் ஒரே கேள்விதான் கேக்கறாங்க. "இதை ஏன் நீங்க அரை ஏக்கர்ல போட்டு விக்கக் கூடாது? கடையில என்ன விலை விக்குது தெரியுமா?"

விலை தெரியும். தெரிஞ்சுதான் போடலை. என் கட்சி இதுதான்: பாக் சாய் நல்ல கீரை. எங்க மண்ணுல வரும். நம்ம சமையலுக்கும் ஒத்துப்போகும். ஆனா மார்கழி, தை, மாசி இந்த மூணு மாசத்துக்குத்தான் அது எங்க ஊர்க் கீரை. மீதி ஒன்பது மாசமும் அதை இங்கேயே விளைய வைக்கணும்னு நின்னா, அந்த ஆசைக்கான விலையைக் கடையில பணம் கட்டறவர் மட்டும் கொடுக்கறதில்லை. மண்ணு கொடுக்குது, பயிர் வச்சவன் கொடுக்கறான், கடைசியில சாப்பிடறவர் உடம்பும் கொடுக்குது.

முதல்ல கீரையைப் பத்திச் சொல்லிடறேன்.

பாக் சாய்னா சீனாவோட தெக்குப் பக்கம் பேசற கான்டனீஸ் மொழியில வெள்ளைக் காய்னு அர்த்தம். தண்டு அகலமா, வெள்ளையா, கரண்டி மாதிரி இருக்கும். அதனால அந்தப் பேரு. தண்டு வெளிர் பச்சையா இருக்கிற ரகமும் உண்டு. தூரத்துல இருந்து பார்த்தா பாலக்கீரைக்கு அண்ணன் மாதிரி தெரியும். ஆனா அதுக்கும் பாலக்குக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இது கடுகுக் குடும்பம். முட்டைகோஸ், காலிபிளவர், முள்ளங்கி எல்லாம் அதுக்குப் பங்காளிங்க. டர்னிப்பும் பாக் சாயும் தாவர சாஸ்திரப்படி ஒரே இனம். ஒண்ணு கிழங்குக்காக வளர்த்தது, இன்னொண்ணு இலைக்காக வளர்த்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்க வீட்டுல முதல் தடவை ஒரு செடி பூ விட்டப்போ, பக்கத்து வீட்டு ஆயா வேலி ஓரமா நின்னு பார்த்துட்டு, "இது கடுகுடா, இதுக்குப் போய் என்னமோ பேரு சொல்றே"ன்னாங்க. மஞ்சப் பூ, நாலு இதழ், அப்படியே கடுகுப் பூ. படிக்காத ஆயா பூவைப் பார்த்தே குடும்பத்தைச் சொல்லிட்டாங்க. இலையைக் கிள்ளிக் கசக்கி மோந்து பாருங்க, உங்களுக்கும் தெரியும்.

அதனால "வெளிநாட்டுக் கீரை நமக்கு எதுக்கு"ன்னு பேசற ஆள் நான் இல்லை. மிளகாய் இல்லாம நம்ம குழம்பு உண்டா? அது போர்ச்சுக்கீசியர் கப்பல்ல அமெரிக்காப் பக்கம் இருந்து வந்தது. நமக்கு அதுக்கு முன்ன காரம்னா மிளகுதான். அதனாலதான் புதுசா வந்த காய்க்கு மிளகோட பேரையே சேர்த்து மிளகாய்னு வச்சாங்க. தக்காளி, உருளைக்கிழங்கு, மரவள்ளி எல்லாமே அப்படிக் கடல் தாண்டி வந்ததுதான். ஊட்டியில 1820கள்ல ஜான் சல்லிவன்னு ஒரு கலெக்டர் வீடு கட்டிக் குடியேறி, அவங்க ஊர்க் காய்கறிகளை அந்தக் குளிர்ல வளர்த்துப் பார்த்தாரு. இன்னைக்குக் கல்யாணப் பந்தியில கோஸ் பொரியல் இல்லாத ஊரு எது? மலேசியா, சிங்கப்பூர் பக்கம் மலாய்க்காரங்க இந்த ஜாதிக் கீரைங்களைச் சாவின்னு சொல்வாங்க. அங்க இருக்கிற நம்ம தமிழ் ஜனங்களுக்கு இது புதுசே இல்லை, தாளிச்சு வதக்கிச் சோத்துக்குத் தொட்டுக்கறாங்க. ஆக, வந்தவரை வாசல்ல நிறுத்தி வைக்கறது நம்ம வழக்கம் இல்லை. எப்ப வரலாம், எங்க உக்காரலாம்னு சொல்றதுதான் வழக்கம்.

எப்ப வரலாம்? அதைத்தான் அந்தச் செடியே சொல்லுது.

இது குளிர்காலத்துப் பயிர். பகல்ல 20, 25 டிகிரி இருந்தா சந்தோஷமா இருக்கும். எங்க ஊர்ல மார்கழி ராத்திரியில 20 டிகிரிக்குப் பக்கத்துல இறங்கும். சித்திரை வெயில்ல 40-ஐத் தாண்டும். வெயில் ஏற ஏற அந்தச் செடி, "நமக்கு நாள் எண்ணப்பட்டுப் போச்சு"ன்னு நினைச்சு, இலை விடறதை நிறுத்திட்டு நடுவுல குச்சி மாதிரி தண்டு விட்டுப் பூத்துடும். பூத்த பிறகு இலை முரடாகும், கசக்கும். தண்ணி ஒரு நாள் காஞ்சாலும் அதே கதைதான்.

நான் செய்யற முறையைச் சொல்றேன். மாடியில தொட்டி வச்சிருக்கறவங்களுக்கும் இதே கணக்குதான்.

ஐப்பசி அடைமழையில விதை போட்டா நாத்து அழுகும். கார்த்திகை முதல் வாரத்துல, குழித்தட்டுல தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்து நிரப்பி, குழிக்கு ரெண்டு விதை போட்டு, சாரல் படாத தாழ்வாரத்துல வைப்பேன். விதை கடுகு அளவுதான், கால் அங்குலத்துக்கு மேல ஆழம் போகக் கூடாது. மூணாம் நாளோ அஞ்சாம் நாளோ முளைச்சிடும். நல்லா இருக்கறதை விட்டுட்டு இன்னொண்ணைக் கிள்ளிடணும். அந்தக் கிள்ளின நாத்தைக் கூட வீணாக்க வேண்டாம், ரசத்துல போடலாம்.

பதினெட்டு, இருபது நாள்ல நாலு இலை வந்துடும். அப்ப எடுத்துப் பாத்தியில நடணும். என் பாத்தி 10 அடி நீளம், 4 அடி அகலம். மழைத்தண்ணி தேங்காம அரை அடி உசரமா மண்ணு அணைச்சு, நல்லா மக்கின தொழு உரம் ரெண்டு கூடை கொட்டிக் கொத்தி விடுவேன். செடிக்குச் செடி முக்கால் அடி இடைவெளி. ஒரு பாத்தியில சுமாரா 60 செடி நிக்கும். ஆனா 60-ஐயும் ஒரே நாள்ல நடமாட்டேன். அப்படி நட்டா ஒரே வாரத்துல 60-ம் தயாராகி, வீட்டுல எல்லாரும் என்னை முறைப்பாங்க. பத்து நாளைக்கு 20 செடின்னு மூணு தவணையா வைக்கணும். முதல் தவணை தீரும்போது ரெண்டாவது வரும்.

முருங்கை மரத்துக்குக் கிழக்குப் பக்கமாப் பாத்தி போட்டிருக்கேன். காலை வெயில் முழுசாக் கிடைக்கும், மத்தியானத்துக்கு மேல மரத்து நிழல் விழும். மாடியில இருக்கறவங்க தண்ணித் தொட்டி நிழலைப் பார்த்து அதே மாதிரி வைங்க. தண்ணி தினமும், ஆனா கொஞ்சமா. நட்ட முப்பது, நாப்பது நாள்ல செடி முழுசா அறுக்கலாம். நாங்க வெளி இலையா ஒடிச்சு ஒடிச்சு எடுக்கறோம், நடுக்குருத்து மறுபடி விடும். தை பாதிக்கு மேல புதுசா விதை போடறதை நிறுத்திடுவேன். அதுக்கப்புறம் போட்டா பங்குனி வெயில்ல போய் நிக்கும்.

இப்ப பூச்சி சமாச்சாரம். என் வாதத்துக்கே இதுதான் வேர், அதனால கொஞ்சம் பொறுமையா வாசிங்க.

கடுகுக் குடும்பத்துப் பயிர் எதைப் போட்டாலும் தேடி வர்ற ஒரு பூச்சி இருக்கு. வைரமுதுகு அந்துப்பூச்சின்னு பேரு. இறக்கையை மடிச்சு உக்காந்தா முதுகுல வைரக்கட்டம் மாதிரி தெரியும். அதோட புழு பச்சையா, அரிசி நீளத்துல இருக்கும். தொட்டா நூல் விட்டுத் தொங்கும். இலையைச் சல்லடையாக்கிடும். உலகத்துல பயிரைத் தின்னற பூச்சிங்கள்ல டி.டி.டி. மருந்துக்குச் சாகாம எதிர்த்து நின்ன முதல் பூச்சி இதுதான். 1953-ல இந்தோனேசியாவுல அதைக் கண்டுபிடிச்சாங்க. அதுக்கப்புறம் வந்த மருந்து ஒவ்வொண்ணையும் அது பழகிக்கிட்டே வருது. வெயில் கூடினா அதோட தலைமுறையும் வேகமாகும். குளிர்ல ஒரு தலைமுறைக்கு எடுக்கற நாள்ல வெயில்ல ரெண்டு தலைமுறை பொறிக்கும். இதோட அசுவினி, இலையில ஊசி குத்தின மாதிரி ஓட்டை போடற சின்னக் கருவண்டு எல்லாம் உண்டு.

கொல்லையில இதுக்கு வழி சுலபம். அஞ்சறைப்பெட்டிக் கடுகை எடுத்துப் பாத்தியோட ரெண்டு ஓரத்துலயும் விதைச்சு விடறேன். பூச்சிக்குப் பாக் சாயைவிட நாட்டுக் கடுகு மேல ஆசை ஜாஸ்தி, அங்க போய் முட்டை வைக்கும். இது என் கண்டுபிடிப்பு இல்லை. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் கோஸ் விவசாயிங்களுக்குச் சொன்ன வழி. 25 வரிசை கோஸுக்கு ரெண்டு பக்கமும் கடுகு வரிசை போடச் சொல்லியிருக்காங்க. அதுக்கு மேல தேவைப்பட்டா வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராம் இடிச்சு, ஒரு லிட்டர் தண்ணியில ராத்திரி ஊற வச்சு, வடிகட்டி, துளி சோப்பு கரைச்சு சாயங்காலத்துல தெளிப்பேன். காலையில புழுவைக் கையால பொறுக்கிக் கோழிக்குப் போட்டுடுவோம். இதெல்லாம் செஞ்சும் இலையில ஓட்டை இருக்கும். பத்து இலையில நாலு இலை ஓட்டை இலைதான். கழுவிப் போட்டுச் சமைக்கறோம். சட்டியில விழுந்த பிறகு எது ஓட்டை, எது முழுசுன்னு யாருக்குத் தெரியும்?

சமையல்னு வந்தாச்சு, அதையும் சொல்லிடறேன். எங்க வீட்டம்மா சோயா சாஸ் பக்கமே போகலை. அவங்க வழி மூணு.

ஒண்ணு பொரியல். தண்டையும் இலையையும் தனித்தனியா நறுக்கணும். இதுதான் சூட்சுமம். கடுகு, உளுந்து, காஞ்ச மிளகாய் தாளிச்சு, தட்டின பூண்டு ஆறு பல்லு போட்டு, முதல்ல தண்டை மட்டும் ரெண்டு நிமிஷம் வதக்கணும். அப்புறம் இலை. உப்பு கடைசியில. இலை சுருண்டதும் இறக்கிடணும், மூடி வைக்கக் கூடாது. மூடினா நிறம் மங்கும், கோஸ் வேகற வாடை வரும். தேங்காய்த் துருவல் அவரவர் விருப்பம்.

ரெண்டு கூட்டு. பாசிப்பருப்பை மலர வேக வச்சு, தண்டு போட்டு ஒரு கொதி, இலை போட்டு அரைக் கொதி, சீரகமும் தேங்காயும் மிளகாயும் அரைச்சு விட்டு இறக்கிட வேண்டியதுதான். சுடுசோத்துல நெய் விட்டுப் பிசைஞ்சா பேரப் பிள்ளைங்களுக்கு இது கீரைன்னே தெரியறதில்லை.

மூணாவது மோர்க்குழம்பு. பூசணிக்காய்க்குப் பதிலா தடித்தண்டை மட்டும் பெரிசா நறுக்கிப் போடறது. தண்டு தண்ணியைக் குடிச்சுட்டு நெகுநெகுன்னு இருக்கும். மிச்சமான இலை அடைமாவுல போயிடும்.

ஆனா ஒரு எச்சரிக்கை. பட்டணத்துல சில பேர் இதைப் பச்சையா அரைச்சுக் காலையில வெறும் வயித்துல ஜூஸ் மாதிரி குடிக்கறதாச் சொன்னாங்க. அமெரிக்காவுல 88 வயசு அம்மா ஒருத்தர், சர்க்கரை நோய்க்கு நல்லதுன்னு நம்பி, தினமும் ஒரு கிலோவுல இருந்து ஒன்றரைக் கிலோ வரைக்கும் பாக் சாயைப் பச்சையாவே பல மாசம் தின்னிருக்காங்க. தைராய்டு ஒரேயடியா ஒடுங்கிப்போய் நினைவு தப்பின நிலைமையில ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. 2010-ல பெரிய மருத்துவப் பத்திரிகை ஒண்ணுலயே அது வந்தது. கோஸ், முள்ளங்கி எல்லாத்துலயும் இருக்கிற ஒரு சத்துதான் அளவு மீறினா தைராய்டை அமுக்குது. வேக வச்சா அந்த வேகம் பெரும்பாலும் அடங்கிடும். ஒரு கைப்பிடி பச்சையாத் தின்னா ஒண்ணும் ஆகாது. மருந்துன்னு நினைச்சுக் கிலோக் கணக்குல தின்னாத்தான் வம்பு. கீரையை நம்ம பெரியவங்க வேக வச்சுக் கடைஞ்சு தின்னதுல அர்த்தம் இருக்கு.

சரி, இவ்வளவு நல்ல கீரையைக் கழனியில போட ஏன் மாட்டேங்கறேன்?

ரெண்டு வருஷம் முன்ன, சென்னைக்குக் காய்கறி எடுக்கற ஒருத்தர் எங்க ஊருக்கு வந்தாரு. கையில அட்டைப் பெட்டி, அதுல மாதிரிக்கு ஒரு பாக் சாய். பொம்மை மாதிரி இருந்துச்சு. "வருஷம் பூரா வேணும். ஒரு செடி 150-ல இருந்து 200 கிராம். இலையில ஓட்டை இருக்கக் கூடாது. தண்டுல கீறல் கூடாது. விடியக்காலை அஞ்சு மணிக்கு வண்டியில ஏத்தணும். கடையில கழிக்கறது உங்க கணக்கு"ன்னாரு. சித்திரையில என்ன பண்றதுன்னு கேட்டேன். "நிழல்வலை போடுங்க, மருந்து நிறைய இருக்கு"ன்னாரு. வலைக்கு யார் காசு? நம்ம காசு. மருந்துக்கு? நம்ம காசு. விதை? ஒவ்வொரு தடவையும் பாக்கெட் வாங்கணும். வீரிய ஒட்டு விதையில இருந்து நாம எடுக்கற விதை தாய் மாதிரி வராது. அரைக்கீரை விதை எங்க வீட்டுல எங்க அம்மா காலத்துல இருந்து புட்டியில இருக்கு, ஒரு பைசா செலவில்லை.

பக்கத்து ஊர்ல ஒருத்தர் ஒத்துக்கிட்டாரு. தை மாசம் வரைக்கும் நல்லாத்தான் போச்சு, நாங்களே பொறாமைப்பட்டோம். பங்குனியில புழு இறங்குச்சு. நாலு நாளைக்கு ஒரு தடவை மருந்து அடிச்சாரு. மருந்து அடிச்சா இத்தனை நாள் கழிச்சுத்தான் அறுக்கணும்னு டப்பாவுலயே எழுதியிருக்கும். வண்டி தினமும் வந்து நிக்கும்போது அந்த நாள் கணக்கை யார் பார்க்கறது? அப்படி அடிச்சும் பாதி செடியைக் கழிச்சுட்டாங்க. கழிச்சதை மாடு தின்னக் கூடப் பயந்து குழி வெட்டிப் புதைச்சாரு. அவர் முட்டாள் இல்லை, சோம்பேறியும் இல்லை. எங்க வட்டாரத்துல அவர் மாதிரி காய்கறி போடறவங்க குறைச்சல். பயிர் தப்பான மாசத்துல நின்னுச்சு, அதுதான் விஷயம். ஓட்டை இல்லாத இலையை வெயில்ல கேட்டா, விவசாயி மருந்தைத்தான் தர முடியும். அவன்கிட்ட வேற என்ன இருக்கு?

இங்க ரெண்டு கேள்வி வரும்னு எனக்குத் தெரியும்.

"நீலகிரியில போடறாங்களே?" போடறாங்க, நல்லாவே போடறாங்க. கோஸ், புரோக்கோலி, சீனக் கோஸ் மாதிரி குளிர்ப் பயிருக்கு அந்த மலைதான் வீடு. கொடைக்கானலும் அப்படித்தான். அவங்க பொழப்பைக் கெடுக்க நான் எழுதலை. கோடையில உங்களுக்குப் பாக் சாய் வேணும்னே இருந்தா, மலையில விளைஞ்சதான்னு கேட்டு வாங்குங்க. மலையிலயும் பூச்சி உண்டு, ஆனா தட்பவெப்பமாவது செடி பக்கம் நிக்குது. இங்க சமவெளியில செடிக்கு எதிரா வெயிலு, பூச்சி, கடைக்காரர்னு மூணு பேர் நிக்கறாங்க.

"விவசாயிக்குக் காசு வர்ற வழியை நீங்களே அடைக்கலாமா?" இது நியாயமான கேள்வி. எங்க ஊர்ச் சந்தையில அரைக்கீரை கட்டு பத்து ரூபாய்க்கு மேல கேட்டா முகத்தைச் சுளிக்கறாங்க. நெல்லுல என்ன மிஞ்சுதுன்னு எல்லாருக்கும் தெரியும். காசு வேண்டாம்னு சொல்ற வசதி எனக்கு இல்லை. ஆனா காசுங்கறது வித்த தொகை இல்லை, செலவும் கழிவும் போக மிஞ்சறது. வருஷம் பூராப் பாக் சாய் போட்டா குளிர்கால லாபத்தைக் கோடைகாலம் தின்னுடும். அதே அரை ஏக்கர்ல மாசத்துக்கு ஏத்த மாதிரி கீரை மாத்தி மாத்திப் போட்டு, அதுல மூணு மாசம் பாக் சாயும் போட்டு, ஓட்டையோட வாங்கிக்க நாலு குடும்பம் சென்னையில இருந்தா, நாளைக்கே போடறேன். பிரச்சினை கீரையில இல்லை, கேக்கற விதத்துல இருக்கு.

சத்து விஷயத்துலயும் நியாயமாப் பேசணும். பாக் சாய்ல 100 கிராமுக்குச் சுமார் 100 மில்லிகிராம் கால்சியம் இருக்கு. அளவு பெரிசு இல்லைன்னாலும், அதுல ஆக்சாலிக் அமிலம் குறைவு. அதனால பாதிக்குப் பக்கமா உடம்புல சேருது, பால்ல இருந்து சேர்ற விகிதத்தைவிட அதிகம். பசலைக்கீரை வகையில ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தைக் கட்டிப் போட்டுடும், சேர்றது ரொம்பக் கொஞ்சம். இது பாக் சாயோட உண்மையான பெருமை. அதே சமயம் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தோட பழைய அட்டவணையில முருங்கைக்கீரைக்கு 440 மில்லிகிராம், அகத்திக்கீரைக்கு 1130 மில்லிகிராம்னு போட்டிருக்கு. முருங்கை எங்க பாக் சாய்ப் பாத்திக்கு நிழல் கொடுக்கற மரம். அதைத் தாண்டிப் போய்த்தான் நாங்க பாக் சாய் பறிக்கறோம். ஒண்ணை உசத்த இன்னொண்ணைத் தாழ்த்த வேண்டியதில்லை. ஆனா ஒண்ணுக்காக இன்னொண்ணை மறக்கறதுதான் நடக்குது.

எங்க ஊர் வைகுண்டப்பெருமாள் கோயில் கல்வெட்டைப் பத்தி நீங்க பள்ளிக்கூடப் பாடத்துலயே படிச்சிருப்பீங்க. முதல் பராந்தகச் சோழன் காலம், கி.பி. 919, 921. குடவோலை முறை, தேர்தல்னு எல்லாரும் அதைப் பத்தித்தான் பேசறாங்க. நான் அதுல பார்க்கறது வேற. 30 குடும்புல இருந்து எடுத்த 30 பேர்ல 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். ஏரியை நம்பியே இருக்கிற ஊர்ல, ஏரிக்கு ஆறு பேரு, தோட்டத்துக்குப் பன்னிரண்டு பேரு. அந்தச் சபையில எல்லாரும் நிக்க முடியாது, நிலமும் வீடும் வேதப்படிப்பும் உள்ளவங்கதான் நிக்கலாம்னு அதே கல்வெட்டுதான் சொல்லுது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் தோட்டம்ங்கறது ஊர் உக்காந்து பேச வேண்டிய பொது விஷயம்னு ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னயே அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. இன்னைக்கு எங்க மண்ணுல எந்த மாசம் எது விளையணும்னு, எங்க ஊருக்கு வந்தே பார்க்காத ஒரு கடை அட்டைப் பெட்டியில மாதிரி அனுப்பி முடிவு பண்ணுது.

அந்த வாரியத்துல இன்னைக்கு எனக்கு ஒரு இடம் கிடைச்சா, நான் எழுதி வைக்கற கணக்கு இதுதான். கிழிச்சு ஃபிரிட்ஜ் மேல ஒட்டிக்கங்க.

மார்கழி, தை, மாசி: பாக் சாய், கடுகுக்கீரை, வெந்தயக்கீரை, பாலக், கொத்தமல்லி. இலை மெலிசா, இளசா இருக்கிற கீரை எல்லாம் இப்பத்தான்.

பங்குனியில இருந்து ஆனி வரைக்கும்: முளைக்கீரை, தண்டுக்கீரை, புளிச்சக்கீரை, பருப்புக்கீரை. வெயிலைத் தாங்கற ஜாதி. புளிச்சக்கீரை கடைசல் பழைய சோத்துக்கு எப்படி இருக்கும்னு தெரியாதவங்க வீட்டுக்கு வாங்க.

ஆடி, ஆவணி, புரட்டாசி: அரைக்கீரை, சிறுகீரை, பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி.

ஐப்பசி, கார்த்திகை: பாத்தி எல்லாம் தண்ணியில நிக்கும். மரத்தையும் கொடியையும் பாருங்க. முருங்கை, அகத்தி, கொடிப்பசலை, தூதுவளை, முடக்கத்தான். மழைக்குச் சளி பிடிக்கற மாசத்துலதான் தூதுவளை தளதளன்னு இருக்கும்.

இதுல பாக் சாய்க்கு நான் இடம் கொடுக்காம இல்லை. ஒரு வரியில கௌரவமா உக்கார வச்சிருக்கேன். பன்னிரண்டு மாசத்துக்கும் பாய் விரிச்சுப் போடத்தான் முடியாது.

நீங்க செய்ய வேண்டியது மூணே காரியம். ஒண்ணு, மாடி இருந்தா கார்த்திகையில ஒரு தொட்டியில நீங்களே நாலு பாக் சாய் வைங்க. புழு வந்தாத் தெரியும், ஓட்டை இல்லாத இலைக்குப் பின்னால என்ன இருக்குன்னு. ரெண்டு, கீரைக்காரம்மாகிட்ட "பாக் சாய் இருக்கா"ன்னு கேக்கறதுக்கு முன்ன "இந்த மாசம் என்ன நல்லா இருக்கு"ன்னு கேளுங்க. அவங்க சொல்றதை வாங்குங்க. மூணு, ரெண்டு ஓட்டை இருக்கிற கட்டைத் தள்ளி வைக்காதீங்க. புழு தின்ன இலையை நீங்களும் தைரியமாத் தின்னலாம். புழுவே தொடாத இலைகிட்டத்தான் கொஞ்சம் யோசிக்கணும்.